உறக்கமும் ஓர் உவமையும்

உறக்கத்தையும் சாவையும் அருகருகே வைத்துப் பார்க்காத பழைய இலக்கியம் அரிது. கிரேக்கர்களுக்கு ஹிப்னோசும் தனடோசும் இரட்டைச் சகோதரர்கள். நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவரும் சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டார். உவமை என்ற அளவில் இதில் குறை காண நமக்கு விருப்பமில்லை. வள்ளுவர் பேச வந்தது சாவைப் பற்றித்தான். ஆனால் உவமைகள் சொன்ன இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. உறங்குகிறவனிடம் ஒன்றும் நிகழ்வதில்லை, அது விளக்கணைந்த வீடு என்ற எண்ணம் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் புகுந்து நெடுங்காலம் குடியிருந்தது. அதற்கான விலையை நோயாளிகள் கொடுத்தார்கள் என்பது நம் கருத்து.

முதல் உலகப் போரின் நடுவே, 1916-17 குளிர்காலத்தில், வியன்னாவின் மனநோய் மருத்துவமனைக்கு விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினர். சாப்பிடும்போதே உறங்கிப்போனார்கள். எழுப்பினால் எழுந்து தெளிவாகப் பதில் சொன்னார்கள். விட்டால் மறுபடி உறங்கினார்கள். வாரக்கணக்கில் இது நீண்டது. அங்கு பணியாற்றிய கான்ஸ்டான்டின் வான் எகனாமோ (விமானம் ஓட்டுவதில் பெரும்பித்துக் கொண்டவர், போரில் விமானியாகவும் இருந்தவர்) 1917 ஏப்ரலில் இதைத் தனியொரு நோயாக அறிவித்தார். உறக்க மூளையழற்சி என்று அதைச் சொல்லலாம். அடுத்த பத்தாண்டுகளில் அது உலகைச் சுற்றி வந்து லட்சக்கணக்கானோரைக் கொன்றது, பிழைத்தவர்களில் பலரை உறைந்த சிலைகளாக்கியது, பிறகு வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அந்தச் சிலைகளில் சிலர் 1969இல் எல்-டோபா மருந்தால் சிறிது காலம் உயிர்பெற்றதைத்தான் ஆலிவர் சாக்ஸ் 'அவேக்கனிங்ஸ்' நூலில் எழுதினார். வாசகர்கள் பலரும் அறிந்த நூல். எகனாமோவை அறிந்தவர்கள் குறைவு.

அவர் செய்த காரியம் எளிமையானது, துணிச்சலானது. எல்லா நோயாளிகளும் உறங்கவில்லை என்பதை அவர் கவனித்தார். சிலர் இதற்கு நேர்மாறாக, இரவும் பகலும் உறக்கமின்றித் தவித்தே இறந்தார்கள். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது, உறங்கியவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதியும் அதையடுத்த நடுமூளையும் சிதைந்திருந்தன; உறங்காதவர்களுக்கு ஹைப்போதலாமஸின் முன்பகுதி. அப்படியானால் பின்னால் இருப்பது விழிக்கவைக்கும் இடம், முன்னால் இருப்பது உறங்கவைக்கும் இடம் என்றார். உறக்கத்துக்கென்று மூளையில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் கெட்டால் மனிதனால் உறங்க முடியாது. விளக்கை அணைப்பதற்கும் ஒரு கை வேண்டும் என்பதுபோல.

ஹைப்போதலாமஸ் முழுவதும் நான்கு கிராம் எடைதான் இருக்கும். உடற்சூடு, பசி, தாகம், உடலின் ஒரு நாளைய கடிகாரம் எல்லாம் அந்த நான்கு கிராமுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வசிக்கின்றன. உறங்கும்போது உடற்சூடு இறங்குவதும், பசித்தவனுக்கு உறக்கம் பிடிக்காததும் இந்த அண்டைவீட்டு உறவினால்தான்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்றை அறிவியல் உடனே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1935இல் பெல்ஜியத்தின் ஃபிரெடெரிக் பிரேமர் பூனைகளின் மூளைத்தண்டை நடுமூளையில் அறுத்து, அதன்பின் முன்மூளை ஓயாமல் உறங்குவதைக் கண்டார். புலன்களின் செய்தி வராமல் போனதால் உறக்கம் என்று விளக்கினார். 1949இல் மொருஸ்ஸியும் மகூனும் மூளைத்தண்டில் விழிப்பை எழுப்பும் ஒரு வலையமைப்பைக் காட்டினார்கள். அவர்கள் கண்டதில் பிழையில்லை, அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு பழைய உவமைதான்: விழிப்பு ஒரு செயல், உறக்கம் அது ஓய்ந்த நிலை. இடையில் 1946இல் நௌட்டா எலிகளின் முன் ஹைப்போதலாமஸைத் துண்டித்து, அவை உறங்க முடியாமல் போனதைக் காட்டி எகனாமோவுக்குச் சாட்சி சொன்னார். கேட்டவர்கள் அதிகமில்லை. 1953இல் உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக ஓடுவதை அசரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்ட பிறகே விளக்கணைந்த வீட்டுக்குள் யாரோ நடமாடுவது உறைத்தது.

எகனாமோ சொன்ன முன்பகுதியில், உறங்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் நரம்பணுக்கள் 1996இல் அமெரிக்காவில் கிளிஃபர்ட் சேப்பரின் குழுவால் அடையாளம் காணப்பட்டன. ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காத்திருப்பு. இவை விழிக்கவைக்கும் மையங்களை அடக்குகின்றன. அவை பதிலுக்கு இவற்றை அடக்குகின்றன. ஒன்று கை ஓங்கினால் மற்றொன்று படுத்துவிடும், மின்சுவிட்சைப்போல. நடுவில் நிற்பதற்கு இடமில்லாததால்தான் நாம் பெரும்பாலும் விழித்திருக்கிறோம் அல்லது உறங்குகிறோம். விழிக்கவைக்கும் மையங்களுள் ஒன்று ஹிஸ்டமினால் வேலை செய்கிறது. பழைய சளி மாத்திரைகள் கண்ணைச் சொருகவைப்பது அதைத் தடுப்பதனால்தான். (தமிழ் இதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. நாம் 'தூக்கம் வருகிறது' என்கிறோம். வருவது அதுதான், நாம் இடம் கொடுக்கிறோம்.)

சுவிட்ச் தானாக ஆடாமல் விழிப்பின் பக்கம் பிடித்து நிறுத்த ஒரு விரல் தேவை. அது ஓரெக்ஸின். 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு, பசியைத் தூண்டுவதாக நினைத்து, பசிக்கான கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் வளர்த்த டாபர்மேன் நாய்கள் வேறு கதை சொல்லின. உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே கால் மடங்கி விழும் நாய்கள் அவை. அவற்றுக்கு ஓரெக்ஸினை ஏற்கும் மரபணு பழுது. 2000இல் மனிதர்களிடமும் தெரிந்தது. நார்கோலெப்ஸி நோயாளிகளின் மூளையில் ஓரெக்ஸின் அணுக்கள் 85 முதல் 95 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தன.

இந்த நோய்க்கு 1880இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ. அவருடைய நோயாளி, மது வியாபாரத்தில் இருந்தவர், ஒரு நாளில் எண்ணற்ற முறை உறங்கினார், சிரித்தால் சரிந்து விழுந்தார். அதன்பின் நூறாண்டுக்கும் மேல் இவர்கள் என்னவெல்லாம் ஆனார்கள்! சோம்பேறி, நடிப்புக்காரன், பொறுப்பில்லாதவன். உளப்பகுப்பாய்வாளர் சிலர் அடக்கிய ஆசைகளைக்கூட இதில் தேடினார்கள். நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குவதால், கண்டுபிடிக்கப்படும்போது படிப்பும் முதல் வேலையும் போயிருக்கும். இன்றும் இடையில் பல ஆண்டுகள் கழிவது சாதாரணம். வகுப்பில் சரியும் பையனை நாம் கும்பகர்ணன் என்கிறோம். காவியமாவது அவன் உறக்கத்துக்கு வரத்தில் நேர்ந்த ஒரு கோளாற்றைக் காரணம் காட்டியது. நாம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டோம்.

உறக்கம் வெறுமை என்று நம்பினால், அதிகம் உறங்குகிறவனை வெறுமையை விரும்புகிறவன் என்றுதான் நினைக்கத் தோன்றும். உறக்கமற்றவனிடம் 'எதையும் நினைக்காமல் படு' என்றுதான் சொல்லத் தோன்றும். இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள். இலக்கியம் படிக்கிறவர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பிழையை அழகாக்கிப் பரப்பியதில் நம் பங்கு பெரியது. விழித்திருப்பவனைத் தவசியாகவும் உறங்குகிறவனை மூடனாகவும் எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்.

ஓரெக்ஸினைத் தடுக்கும் மாத்திரை, உறக்கமின்மைக்காக, 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓரெக்ஸினின் வேலையைச் செய்யும் மாத்திரை இன்னும் கடினம். அப்படிப்பட்ட ஒன்றின் சோதனை முடிவுகள் 2023இல் வெளியாயின. அரையிருட்டு அறையில் சும்மா உட்காரவைத்து, 40 நிமிடம் வரை விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பது அந்தச் சோதனை. சில நிமிடங்களில் உறங்கிவிடும் நோயாளிகள் மருந்துக்குப் பின் நெடுநேரம் விழித்திருந்தார்கள். சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதால் சோதனை பாதியில் நின்றது. அதே வழியில் வந்த வேறொரு மருந்தின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. அதில் கல்லீரலுக்கு அந்தக் கேடு தென்படவில்லை. இம்முறையும் நோயாளிகள் அரையிருட்டில் விழித்தே உட்கார்ந்திருந்தார்கள்.