யந்திரம் வில்லுப்பாட்டை அறியுமா?

நாஞ்சில் நாட்டில் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களில் கொடை நடக்குமிடமெல்லாம் கைபேசிகள் நடப்பதை வீடியோவாகப் பிடித்த வண்ணம் இருக்கின்றன. இரவு முழுதும் பாடப்பெறும் வில்லுப்பாட்டு இவ்வாறு மணிக்கணக்கில் குவிகிறது. சேர்த்தாயிற்று, வேண்டிய பகுதியை வேண்டியபோது எடுக்க வழியுண்டா? ஒரு கதையில் உடுக்கு தனித்து ஒலிக்கும் இடம் எதுவென ஒருவர் கேட்டால், முழு இரவையும் மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

இக்குறையைத் தீர்க்கவே, வீடியோக்களைத் தேடியெடுக்கும் யந்திரக் கற்றல் ஆராய்ச்சி உலகெங்கும் மும்முரமாக நடைபெறுகிறது. காட்சியையும் அதனை வருணிக்கும் வாக்கியத்தையும் யந்திரம் எண்வரிசைகளாக மாற்றி, பொருந்துவன அருகருகே அமையப் பயில்கிறது; பின்னர் நாம் கேட்கும் வாக்கியத்துக்கு அண்மையிலுள்ள காட்சியை எடுத்துத் தருகிறது. ஆகவே அது படித்த பாடம் எதுவோ அதுவே அதன் அறிவு.

அப்பாடத்தை எழுதியவர் யார்? 2016-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட தொகுப்பில் 10,000 வீடியோத் துண்டுகளுக்கு 2 லட்சம் வாக்கியங்கள் உள்ளன, யாவும் ஆங்கிலம். 2021-ல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தாரின் ‘கிளிப்’ 40 கோடிப் படங்களை, பெரும்பாலும் ஆங்கில வாசகங்களோடு, பயின்றது. 2019-ல் வெளிவந்த ‘வாடெக்ஸ்’ தொகுப்போ 41,250 வீடியோக்களுக்கு ஆங்கிலத்துடன் சீனத்திலும் வாக்கியங்கள் தந்தது. சீன பாஷைக்குக் கிட்டிய இடம் தமிழுக்குக் கிட்டாததற்கு, நாம் போதிய பிரயாசை எடுக்கவில்லை என்பதன்றி வேறு காரணம் தோன்றவில்லை.

மொழிபெயர்த்துக் கொண்டால் போதாதோ என்பாருமுண்டு. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2023-ல் 22 இந்திய பாஷைகளுக்கு மொழிபெயர்ப்பு யந்திரம் அளித்ததை மனமுவந்து பாராட்டுகிறோம். ஆயினும் மொழிபெயர்ப்பு சொல்லை மாற்றுமேயன்றி, பார்த்தறியாத பொருளைக் காட்டாது. வில் என்றால் அம்பெய்வதையே கண்டு பழகிய யந்திரம், மணிகள் கட்டிய வில்லை வீசுகோலால் அடித்துப் பாடும் புலவரையும், பக்கத்தில் குடம் அடிப்பவரையும் என்னவென்று கொள்ளும்? போதாக்குறைக்கு நாமே இக்கலையை வில்லுப்பாட்டு, வில்லடிச்சான் பாட்டு, வில்லிசை என்று பலவாறு வழங்குகிறோம்!

யந்திரத்தின் அறியாமையைக் கண்ணால் காணவும் ஓர் உபாயம் உண்டு. 2008-ல் வான் டெர் மாட்டன், ஹிண்டன் இருவரும் வெளியிட்ட ‘டி-எஸ்என்இ’ முறை, நூற்றுக்கணக்கான எண்களால் குறிக்கப்பெற்ற ஒவ்வொரு பொருளையும் ஒரு தாளில் ஒரு புள்ளியாக வரைந்து காட்டும். ஒத்தவை கூடி நிற்கும். கொடை வீடியோக்கள் பிற கச்சேரிகளோடு கலந்து கிடந்தால், யந்திரம் அவற்றைப் பிரித்தறியவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்படத்தில் அண்டை அயலை நம்பலாம். கூட்டங்களுக்கிடையேயுள்ள தூரத்தை அளந்து தீர்ப்புக் கூறலாகாது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908-ல் பிறந்த நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் தெ.தி. இந்துக் கல்லூரியும் உள்ளன. அவற்றின் மாணவர்கள் மூத்த புலவர்களை அருகில் வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக, நாஞ்சில் நாட்டுச் சொற்களிலேயே வாக்கியம் எழுதட்டும். அதற்குரிய பொருளுதவியைச் சர்க்கார் அளித்து, தொகுப்பை ஜனங்களின் பொதுச் சொத்தாக வைக்க வேண்டும். ஆனால் பாடியவர்களின் சம்மதமின்றியும், அவர்களுக்கு உரிய சன்மானமின்றியும் ஒரு துண்டு கூட அதில் சேரலாகாது.