வாரா... லெட்டா?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருக்கீங்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-ல குடவோலைத் தேர்தல் விதிகளை அங்கே வெட்டி வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல, 921-ல திருத்தின விதிகள் வந்தாச்சு. பழசை யாரும் அழிக்கலை. ரெண்டுமே இன்னிக்கும் சுவர்ல இருக்கு!

ஜாவாஸ்கிரிப்ட்டும் இதே கதைதான். 1995-ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல உருவாக்கினார். வேரியபிளுக்கு 'வார்' போடணும். 2015-ல 'லெட்', 'கான்ஸ்ட்' சேர்ந்துச்சு.

ஏன்? 'வார் எக்ஸ்'னு ஒரு ஃபார் லூப் எழுதி 0, 1, 2-னு மூணு சுத்து விடுங்க. உள்ளே 'செட்டைம்அவுட்' வெச்சு, ஒரு செகண்ட் கழிச்சு எக்ஸை பிரின்ட் பண்ணச் சொல்லுங்க. 3, 3, 3-னு வரும்! மூணு சுத்துக்கும் ஒரே எக்ஸ். பிரின்ட் ஆகுறதுக்குள்ளே லூப் முடிஞ்சு அது 3 ஆகிடுது. 'வார்' இடத்துல 'லெட்' போடுங்க. சுத்துக்கு ஒரு புது எக்ஸ். 0, 1, 2 கரெக்டா வரும். முன்னாடி இதுக்குன்னே தனியா ஒரு ஃபங்ஷன் எழுதணும்.

அதுக்காக 'வார்' வேஸ்ட்னு தள்ளிடாதீங்க. பழைய வெப்சைட்கள் படுத்துடக் கூடாதுன்னு பிரவுசர்கள் அதையும் ஓட்டுது. வேலைக்குச் சேர்ந்ததும் உங்க கைக்கு வர்றது பழைய கோடாவும் இருக்கலாம். எழுதுறது புதுசுல இருக்கட்டும், படிக்க ரெண்டும் தெரியணும்.

இன்டர்வியூல "லெட் எதுக்கு?"ன்னு கேட்டா, "அது புதுசு சார்"னு நிறுத்தாதீங்க. அந்த 3, 3, 3 மேட்டரைச் சொல்லுங்க!