கரித்துகள் காக்கும் ஞாயிற்றுக் கலம்

மாணவ வாசகர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்திருக்கிறார். "புதினத்தாள் அச்சிடுவதுபோல மெல்லிய பிளாத்திக்கிலே ஞாயிற்றுக் கலங்களை அச்சிடலாம் என்று படித்தேன். அப்படியாயின் கூரைகளில் இன்னமும் பாரமான கண்ணாடிப் பலகைகளையே பொருத்துவது ஏன்?" வினா சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று.

கூரைகளில் நாம் காண்பவை பெரும்பாலும் சிலிக்கனாலானவை. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் வெளியிட்ட சிலிக்கன் கலம், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மின்னாக்கிற்று. அச்சிடத்தக்கவையோ காபன் சேர்வைகளாலான சேதனக் கலங்கள். கொடாக் நிறுவனத்து விஞ்ஞானி சிங் டாங் 1986 இல் இருபடைச் சேதனக் கலமொன்றை வெளியிட்டபோது அதன் திறன் நூற்றுக்கு 1 அளவே. இன்றோ ஆய்வுகூடங்களில் அது 18 ஐயும் தாண்டிவிட்டது. ஆகவே குறை திறனிலன்று, ஆயுளிலேயே உள்ளது. சிலிக்கன் பலகை கால் நூற்றாண்டு வெயிலையும் மழையையும் தாங்கும். சேதனக் கலத்தை ஒளியும் ஈரமும் ஒட்சிசனும் விரைவில் நலியச் செய்துவிடும்.

இதில் விந்தை யாதெனின், பகை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒளியை உறிஞ்சும் படைக்கும் கண்ணாடிபோன்ற மின்வாய்க்கும் இடையே, நேரேற்றங்களைக் கடத்திவிடுவதற்காக 'பெடொட் பி.எஸ்.எஸ்.' என்னும் பல்பகுதியத்தைப் பூசுவது வழக்கம். அது அமிலத் தன்மையுடையது; மின்வாயிலுள்ள இந்தியம் என்னும் உலோகத்தை மெல்ல அரித்துக் கலத்தினுள்ளே கசியவிடும். போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அவ்வீரம் மறுபக்கத்து அலுமினிய மின்வாயைக் கெடுக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இவ்வேலிக்கு மாற்றாக வந்ததே கிரபீன். பென்சிற்கரியாகிய காரீயத்தின் ஒற்றை அணுத்தாள் அது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைமும் நொவொசெலொவும் ஒட்டுநாடாவால் உரித்து ஆராய்ந்து, 2004 இல் வெளியிட்டு, 2010 இல் நோபல் பரிசும் பெற்றனர். நம் நாட்டுப் போகலை, ககட்டகக சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் வெறுங் கிரபீன் நீரில் கலவாது. கலவாததைப் பூசுவது எங்ஙனம்? ஆகவே காரீயத்தைக் கந்தகவமிலத்திலே பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் சேர்த்து ஒட்சியேற்றுகிறார்கள். இது 1958 இல் ஹம்மர்ஸ், ஒவ்மன் இருவரும் வெளியிட்ட முறை. இதனாற் கிடைக்கும் கிரபீன் ஒட்சைட்டு நீரில் தாள்தாளாகப் பிரியும். 2010 இல் தைவான், அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனை 2 நானோமீற்றர் தடிப்பிலே பூசிப் பார்த்தனர். பழைய படையுள்ள கலம் நூற்றுக்கு 3.6 தர, இது 3.5 தந்தது. தடிப்புக் கூடினாலோ மின்னோட்டம் தடைப்படும். ஏனெனில் ஒட்சிசன் மிகுந்த கிரபீன் மின்னை நன்கு கடத்தாது. எனவே அவ்வொட்சிசனிற் பெரும்பகுதியை மீண்டும் நீக்குதல் வேண்டும். அவ்வாறு பதப்படுத்திய கிரபீனைத் தென்கொரிய ஆராய்ச்சியாளர் 2011 இல் பயன்படுத்தியபோது, கலம் காற்றிலே பழையதைவிட நெடுநாள் உழைத்தது.

முற்றாக நீக்கினால் தாள்கள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். குறைவாக நீக்கினால் மின் ஓடாது. இந்த அளவைக் காப்பதோடு, ஒளி உறிஞ்சும் படை தானாகவே சிதைவதையும் தடுத்தாக வேண்டும். அதற்குக் கிரபீன் மருந்தன்று. நம் மாணவரின் கூரையிலே கண்ணாடிப் பலகை இன்னமும் இருப்பது இதனாலேதான்.