அடுப்பெரியும் வீடுகள்

லாவோஸ் நாட்டின் வடபகுதியில், மேகோங் ஆறும் நாம் கான் ஆறும் கூடுமிடத்தில் நாக்குப்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்த லுவாங் பிரபாங் நகரம், 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அரசர் செத்தாதிராத் 1560ஐ ஒட்டிக் கட்டுவித்ததும், அடுக்கடுக்காய்த் தாழ்ந்து தரையைத் தொட வருவதுபோன்ற கூரையுடையதுமான சியங் தோங் மடாலயமும், பிரெஞ்சு ஆட்சிக்கால வீடுகளும், மரத்தாலான லாவோ வீடுகளும் நெருங்கி நிற்பதே அத்தகுதியை அதற்குத் தேடித்தந்தது. ஆயினும் அந்நகரை நேசிப்போர் பலரைத் திரும்பத் திரும்ப அங்கே அழைப்பது விடியற்பொழுதின் ஒரு வழக்கமாகும்.

துவராடை உடுத்த துறவியர் வெறுங்காலுடன் வரிசையாக நடந்துவர, வீட்டார் தெருவோரம் அமர்ந்து அவர்களின் கலங்களில் உணவிடும் அவ்வழக்கத்தை லாவோ மொழியில் ‘தக் பாத்’ என்பர். இதிலுள்ள ‘பாத்’ என்னும் சொல்லும் தமிழில் வழங்கும் ‘பாத்திரம்’ என்னும் சொல்லும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை. இடப்படுவது ஒட்டும் தன்மையுள்ள ஒருவகை அரிசிச் சோறு. முதல்நாள் இரவே ஊறவைத்து, பொழுது புலருமுன் மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் கைப்பிடியளவாக எடுத்து இடவேண்டியது. ஆகவே துறவியரின் அந்நடைக்கு ஆதாரமாக இருப்பது அத்தெருவிலேயே குடியிருந்து அங்கேயே அடுப்பு மூட்டும் குடும்பங்களாகும்.

அக்குடும்பங்களில் பல இன்று அத்தெருவில் இல்லை. மரபுரிமைத் தகுதி வீட்டு வாடகையை உயர்த்தியதால், வீடுகளை விடுதிக்கும் உணவகத்திற்கும் விட்டுவிட்டு அவை நகரின் புறப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் அமர்ந்த இடத்தில் பயணிகள், விற்பனையாளரிடம் வாங்கிய சோற்றுடன் அமர்கின்றனர், சிலர் துறவியரின் முகத்தருகே ஒளிப்படக் கருவியை நீட்டுகின்றனர். 2021 டிசம்பர் 3 அன்று தொடங்கிய லாவோஸ்–சீன இரயில் பாதை இம்மாற்றத்தின் வேகத்தை மேலும் கூட்டியது. தலைநகர் வியஞ்சானிலிருந்து மலைச்சாலையில் ஒரு பகல் முழுதும் பிடித்த பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

கடற்கரையே இல்லாத ஒரு நாடு இரயிலை விரும்பியதில் பிழை காண்பதற்கில்லை. நல்ல வாடகை பெற்று வெளியேறிய குடும்பத்தைக் கடிந்துகொள்வதும் முறையன்று. சிற்றூர்களிலிருந்து கல்விக்காக மடாலயங்களில் சேர்ந்த இளந்துறவியரான சாமணேரர்களுள் பலரும் வெளியுலகை நாடியே படிக்கின்றனர். வருத்தம் வேறிடத்தில் உள்ளது. கூரையின் ஓடுகளையும் சாளரத்தின் மரத்தையும் மாற்றலாகாது என்று விதி வகுத்த பாதுகாப்புத் திட்டம், அக்கூரையின் கீழ் வாழ்ந்தவர் அங்கேயே வாழ்வதற்குப் போதிய வழி செய்யவில்லை. சுவர் காக்கப்பட, குடித்தனம் கரைந்தது. அந்நாட்டின்மீது அன்புகொண்டு செல்லும் பயணியும் இதில் ஒரு பங்காளியே, ஏனெனில் அவர் தங்கும் அறை ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் சமையலறையாக இருந்திருக்கக்கூடும். புறநகரில் குடியேறிய ஒரு பெண் இன்றும் அச்சோற்றை இட விரும்பினால், இருட்டிலேயே எழுந்து வேகவைத்து, கூடையை அணைத்துக்கொண்டு, தன் பழைய தெருவுக்கு விருந்தினராக வரவேண்டியுள்ளது.