ஏடிஎஃப்: நிலையான தலைமை இல்லாத அமைப்பும் தணியாத அவநம்பிக்கையும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பு, மது, புகையிலை, துப்பாக்கிகள் மற்றும் வெடிபொருள்கள் பணியகம். சுருக்கமாக ஏடிஎஃப். அதன் இயக்குநர் நியமனத்துக்கு செனட் சபையின் ஒப்புதல் தேவை என்ற விதி 2006-ஆம் ஆண்டு வந்தது. அப்போதிலிருந்து 2025 ஜனவரி வரை அந்த ஒப்புதலைப் பெற்றவர்கள் இருவர் மட்டுமே. 2013-இல் டாட் ஜோன்ஸ். 2022-இல் ஸ்டீவ் டெட்டல்பாக். இருவரும் செனட் ஒப்புதலுடன் பதவி வகித்த காலத்தைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 4 ஆண்டுகள்தான். எஞ்சிய காலத்தில் பொறுப்பு இயக்குநர்களே நிர்வாகத்தைக் கவனித்தனர்.

இந்த நிலைக்குப் பின்னால் இருப்பது துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களின் ஆழமான அவநம்பிக்கை. அதற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. 1993 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணத்தின் வேகோ அருகே, சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி ஒரு மதக் குழுவின் வளாகத்துக்குள் ஏடிஎஃப் நுழைந்தபோது அதன் அதிகாரிகள் 4 பேர் கொல்லப்பட்டனர். 51 நாள் நீடித்த முற்றுகை, குழந்தைகள் உள்பட 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த தீ விபத்தில் முடிந்தது. முற்றுகையை எஃப்பிஐ நடத்தியபோதிலும், பழி ஏடிஎஃப் மீதும் நீங்காமல் நின்றது.

2009-இல் தொடங்கிய 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடவடிக்கை அதை மேலும் வலுப்படுத்தியது. மெக்சிகோ கடத்தல் கும்பல்களைக் கண்டறிவதற்காக, சுமார் 2,000 துப்பாக்கிகள் கைமாறுவதை அதிகாரிகள் தடுக்காமல் விட்டனர். பல துப்பாக்கிகளின் தடயமே கிடைக்கவில்லை. அவற்றில் இரண்டு, 2010 டிசம்பரில் எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட இடத்தில் கண்டெடுக்கப்பட்டன.

எனினும், சாதாரணத் துப்பாக்கி உரிமையாளரை அதிகம் கலங்கச் செய்வது விதிகளின் தடுமாற்றமே. துப்பாக்கியை வேகமாகச் சுட உதவும் 'பம்ப் ஸ்டாக்' என்ற சாதனம் இயந்திரத் துப்பாக்கியின் வரையறைக்குள் வராது என 2010-இல் ஏடிஎஃப் கருத்துத் தெரிவித்தது. 2017-இல் நடந்த லாஸ் வேகாஸ் படுகொலையில் அது பயன்படுத்தப்பட்ட பிறகு, 2018-இல் அதே அமைப்பு அதைத் தடை செய்தது. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. விளக்கம் மட்டுமே மாறியது. சட்டப்படி வாங்கிய பொருளை வைத்திருப்பதே குற்றமாயிற்று. இந்தத் தடையைக் கொண்டுவந்தது துப்பாக்கி உரிமையாளர்களின் நண்பராகக் கருதப்படும் டிரம்ப்பின் நிர்வாகம் என்பது கவனிக்கத்தக்கது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அத்தடையை ரத்து செய்தது.

ஆயினும், நீதிமன்றம் எப்போதும் ஏடிஎஃப்புக்கு எதிராக நிற்கவில்லை. வரிசை எண் இல்லாத 'கோஸ்ட் கன்' உதிரிபாகத் தொகுப்புகள் மீது 2022-இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை 2025 மார்ச்சில் 7-2 என அது உறுதி செய்தது.

கட்டுப்பாட்டை ஆதரிப்போரின் வாதம் வேறு. நியமனங்களைத் தடுப்பதும், துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை விதித்ததும், பிறகு அந்த அமைப்பு திறமையற்றது எனக் குறை கூறுவதும் ஒரே தரப்புதான் என்கின்றனர் அவர்கள். கட்டுப்பாட்டு அமைப்பொன்றில் பணியாற்றிய டேவிட் சிப்மேனை பைடன் பரிந்துரைத்தபோது எழுந்த எதிர்ப்பால், 2021 செப்டம்பரில் அவரது பெயர் திரும்பப் பெறப்பட்டது. டிரம்ப் பரிந்துரைத்த காவலர் சங்க முன்னாள் தலைவர் சக் கேன்டர்பரியையும் அவரது சொந்தக் கட்சி செனட்டர்களே ஏற்கத் தயங்கினர்.

2025 பிப்ரவரியில் எஃப்பிஐ இயக்குநர் காஷ் படேலிடமும், ஏப்ரலில் ராணுவத் துறைச் செயலர் டான் டிரிஸ்கோலிடமும் ஏடிஎஃப் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது. விதி மீறும் விற்பனையாளர்களின் உரிமத்தை ரத்து செய்ய பைடன் காலத்தில் வகுக்கப்பட்ட கடுமையான கொள்கையும் கைவிடப்பட்டது. துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் இதை வரவேற்றனர். ஆனால், ஓர் அதிபர் உத்தரவால் நீக்கியதை அடுத்த அதிபர் உத்தரவால் மீட்டுவிட முடியும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

பம்ப் ஸ்டாக் வழக்கு உணர்த்துவதும் இதையே. நாடாளுமன்றம் விரும்பினால் சட்டத்தைத் திருத்தி அச்சாதனத்தைத் தடை செய்யலாம் என நீதிபதி சாமுவேல் அலிட்டோ சுட்டிக்காட்டினார். அந்தக் கடினமான வாக்கெடுப்பைத் தவிர்த்து, முடிவை ஒரு பணியகத்திடம் தள்ளிவிடுவது இரு கட்சிகளுக்குமே வசதியாக இருந்துவந்துள்ளது. அந்த வசதி தொடரும் வரை, ஏடிஎஃப் இயக்குநர் நாற்காலியில் யார் அமர்ந்தாலும் நாட்டின் ஒரு பாதி அவரை நம்பப்போவதில்லை.