புளிக்கு ஒரு சட்டி, களிக்கு ஒரு குண்டான்

கல்யாணச் சீரில் வந்த பாத்திரங்களில் எத்தனை அடுப்பில் ஏறுகின்றன? பல வீடுகளில் பரணைக் கேட்டால்தான் தெரியும். கலர் பெட்டி பிரிக்காத நான்ஸ்டிக் செட், யாரோ மொய்யாக வைத்த மூன்றாவது குக்கர், ஊருக்கே சமைக்கும் அளவில் ஒரு அண்டா. தினமும் கை போவதென்னவோ அதே நாலைந்து பாத்திரங்களுக்குத்தான். அந்த நாலைந்தைச் சரியாக வாங்கிவிட்டால் போதும். எது சரி என்பதை வீட்டில் என்ன சமைக்கிறோம் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும், கடைக்காரர் அல்ல.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சமையலையே எடுத்துக்கொள்ளலாம். கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைகின்றன. மலைப் புளிக்குக் கீழே நல்ல கிராக்கி. வெள்ளிமலையில் ஆனாலும் கச்சிராயபாளையத்தில் ஆனாலும், ஒரு வீட்டு அடுப்பில் களி, சாமைச் சோறு, புளிக்குழம்பு மூன்றும் மாறி மாறி ஏறும். மூன்றும் பாத்திரத்திடம் கேட்பது வேறு வேறு.

களிதான் கடுமையான பரீட்சை. தண்ணீர் கொதித்து, மாவைக் கொட்டி, வெந்ததும் துடுப்பைப் போட்டுக் கிண்டும்போது கையின் முழு பலமும் பாத்திரத்தின் அடியில் இறங்குகிறது. அடி மெலிந்த பாத்திரம் சுற்றும், நசுங்கும், கிண்டி முடிப்பதற்குள் அடியும் பிடித்துவிடும். கிண்டுகிறவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போராட வேண்டும். தோளிலும் மணிக்கட்டிலும் வலி என்று பெண்கள் சொல்வதில் பாத்திரத்துக்கும் பங்கு உண்டு. களிக்கு வேண்டியது அடி கனத்த, வாய் அகலாத, நல்ல காது வைத்த குண்டான். அலுமினியக் குண்டான் இந்த வேலைக்கு வசதிதான். எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும் உலோகம் அது. ஒரே இடத்தில் சூடு தேங்காமல் பரவுவதால் அடிப்பிடிப்பது குறைகிறது. களியில் புளிப்பு இல்லை என்பதால் அலுமினியம் அதிகம் கரைவதும் இல்லை.

இதை ‘ஈயப் பாத்திரம்’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஈயமே அல்ல. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். உடம்புக்கு ஆகாதது காரீயம். மூன்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லி வாங்கினால் வினைதான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கவே கூடாது. ரசம் உள்ளே இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, சொம்பும் பிழைக்கும். வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பதும் உண்டு. ஆகவே நம்பகமான கடையில் மட்டும் வாங்க வேண்டும். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த, முத்திரையில்லாத அலுமினியத்திலும் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது புளி. புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். புளிக்குழம்பை அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைத்திருந்தால் உலோகம் குழம்பில் இறங்கும். சட்னி, சாம்பார் போன்ற புளிப்பான உணவுகளை அலுமினியம், இரும்பு, பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்கக் கூடாது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. மண்சட்டியும் சேலம் பக்கத்து மாக்கல் சட்டியும் இந்தப் புளிக்கு அசையாதவை. கல்சட்டி மெதுவாகச் சூடேறும், இறக்கிய பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். கீழே போட்டால் மட்டும் உடைந்துவிடும். மண்சட்டியில் பளபளப்பான வண்ணப் பூச்சு வேண்டாம். அதில் காரீயம் இருக்கலாம்.

அப்படியானால் இரும்புச் சட்டி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரும்புச் சட்டியிலிருந்து இறங்குவது உடம்புக்குத் தேவையான அதே இரும்புச்சத்துதான். எத்தியோப்பியாவில் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளைவிட, இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு ரத்தசோகை குறைந்ததை 1999-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. கீரை, பொரியல், தக்காளித் தொக்கு எல்லாவற்றையும் அதில் சமைக்கலாம். அடுப்பை அணைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. உடம்பில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்புச் சட்டியில் சமைக்க வேண்டாம்.

புது இரும்புச் சட்டியைப் பழக்குவதற்குப் பொறுமை தேவை. இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியை ஊற்றி வைத்துக் கழுவி, ஈரம் போகச் சூடேற்றி, எண்ணெயை மெலிதாகத் தடவிப் புகையும்வரை காய்ச்ச வேண்டும். இப்படி நாலைந்து முறை செய்தால் எண்ணெய் படலமாக இறுகிக் கறுத்துவிடும். தோசை ஒட்டாமல் வருவது இந்தப் படலத்தால்தான். விறகடுப்பில் சமைப்பவர்கள் சட்டியின் வெளிப்பக்கம் ஈரச் சாம்பலைப் பூசிவிட்டு ஏற்றினால் கரி எளிதில் கழுவிப் போகும்.

சாமைச் சோற்றுக்கு அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் போதும். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், மூடி பொருந்தி, தீ தணிந்திருந்தால் குழையாமல் வேகும். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையால் ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. மெல்லிய எவர்சில்வரில் தீ படும் இடம் மட்டும் கொதித்துக் கருகும். நடுவில் அலுமினியத் தகடு வைத்த டிரிப்ளை வாங்கினால் அந்தக் குறை இல்லை. விலைதான் கூடுதல்.

நான்ஸ்டிக்? முட்டைக்கும் அடைக்கும் சின்னதாக ஒன்று இருக்கலாம். 170 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து என்கிறது அதே வழிகாட்டி. வெறும் தவாவைத் தீயில் விட்டுவிட்டு போன் பேசப் போனால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். பூச்சு உரிந்தால் தவாவை மாற்ற வேண்டியதுதான். மூன்று வருடத்துக்கு ஒன்று வாங்கும் காசுக்கு, பேத்திக்கும் மிஞ்சும் இரும்புத் தோசைக்கல்லே வாங்கிவிடலாம்.

கடையில் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதைவிடத் தூக்கிப் பார்ப்பது முக்கியம். வெறும் சட்டியே ஒரு கையில் கனத்தால், குழம்போடு இறக்குவது எப்படி? வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இரண்டு பக்கமும் காது வைத்தது நல்லது. அடி தட்டையாக உட்காருகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் காந்தம் ஒட்டுகிறதா என்று சோதிக்கலாம்.

பாட்டியின் இரும்புச் சட்டி பரணில் துருவேறிக் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மலைப் புளியைக் கரைத்து ஊற்றி, கல் உப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் துரு விட்டுவிடும். உடனே காயவைத்து எண்ணெய் தடவி, மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.