கை நீளம்

நம் ஊரில் ஒருத்தனைப் பற்றி 'அவனுக்குக் கை கொஞ்சம் நீளம்' என்று சொன்னால் போதும், வீட்டுக்காரர்கள் எவர்சில்வர் டம்ளரை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு நீளம், ஸார்.

வெறுங்கையால் ஈட்டி எறிந்தால் கை போகிற வேகம்தான் அதற்கும். கிட்டே போய்க் குத்தலாம் என்றால் எருமைக்குக் கொம்பு இருக்கிறது. ஆதி மனிதன் யோசித்தான். சுமார் இரண்டடிக் குச்சி, நுனியில் ஒரு கொக்கி. ஈட்டியின் பின்முனையை அதில் பொருத்தி, குச்சியோடு சேர்த்து வீசினான். குச்சி கையிலேயே நிற்க, ஈட்டி மட்டும் விர்ர்ரென்று பறந்தது. கைக்கு இன்னொரு மூட்டு முளைத்த மாதிரி! பி.காம். பாஷையில் சொன்னால், முதல் அதேதான். வரவு மட்டும் எகிறிவிட்டது.

மெக்ஸிகோவின் அஸ்டெக்குகள் இதை 'அட்லாட்ல்' என்றார்கள். (பல்செட் வைத்தவர்கள் சொல்லிப் பார்க்க வேண்டாம்.)

பிரான்ஸில் மாஸ் தாஸில் குகையில் துருவமான் கொம்பில் செய்த ஒன்று கிடைத்தது. வயசு பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல். அதில் ஒரு காட்டு ஆட்டுக்குட்டி கழுத்தைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்கிறது. அங்கே... வேறென்ன, புழுக்கை! அதன் மேல் பறவை உட்கார்ந்திருக்கிறது. பறவைதான் கொக்கி. பெடெய்யாக் குகையிலும் கிட்டத்தட்ட இதே சிற்பம் கிடைத்தது. ஜோக் அந்தக் காலத்திலேயே ஹிட் போலிருக்கிறது.

ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் 'வூமெரா' இன்னும் கெட்டிக்காரத்தனம். மத்தியப் பாலைவனத்தில் அதை அகலமாகச் செதுக்கி, பிடியில் கல் சில்லைப் பிசினால் ஒட்டிவைத்தார்கள். அது மரம் செதுக்க. ஓரத்தைக் கேடயத்தில் தேய்த்தால் நெருப்பு. 1947-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராக்கெட் சோதனைத் தளம் அமைத்த வெள்ளைக்காரர்கள் அதற்கு வூமெரா என்றே பேர் வைத்தார்கள். தளம் அமைந்தது கொகாதா முதலான பழங்குடிகளின் பூமியில். பேரோடு நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் அர்த்தத்தில் கை நீளம் யாருக்கு என்று தெரிகிறதல்லவா?

அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் 2023-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வெறுங்கையால் எறிந்தால் ஆண்களின் ஈட்டிக்கு வேகம் அதிகம். இந்தக் குச்சியைக் கொடுத்தால் ஆணும் பெண்ணும் சமம்!

விடுவேனா? பையனின் பழைய ஸ்டம்ப்பில் ஆணி அடித்து, ஒல்லி மூங்கிலோடு மொட்டை மாடிக்குப் போனேன். என் ஈட்டி பத்தடி தள்ளி வடாம் மேல் விழுந்தது. "தள்ளுங்க" என்று சகதர்மிணி வாங்கி ஒரே வீச்சு. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது.

போய்க் கேட்டு வாங்கி வருவது யார் என்பதில்தான் இப்போது தகராறு.